காலாவதித் தேதி பார்க்காத நாம்

கங்கைகொண்டான் பக்கம் பிசானப் பருவ நெல்லில் இலை நீளவாக்கில் மடிந்து வெளுத்தால், மறுநாளே தெளிப்பான் முதுகில் ஏறிவிடுகிறது. எந்தப் புழு, எத்தனை இலையில், வயலில் சிலந்தி இருக்கிறதா என்று வரப்பில் நின்று பார்ப்பதை நாம் விட்டு வெகுகாலம் ஆகிறது. உரக்கடைக்காரர் எடுத்துத் தந்ததே மருந்து. அவர் சொன்னதே அளவு. செயற்கைப் பைரித்ராய்டு வகைகள், பூச்சியைத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்று புகையான் பூச்சியைப் பெருக்கிவிடும் என்று எச்சரித்தார்கள். கேட்டுக்கொண்டோம், அடித்தோம்.

வேறு வழி தெரியாது என்று சொல்ல நமக்கு வாயில்லை. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. அம்பை 16 நெல்லை ஆவலோடு வாங்கி விதைத்த நாம், சூடோமோனாஸ் பொட்டலத்தை மட்டும் ‘வெறும் மாவு’ என்று ஒதுக்கினோம்.

அந்த மாவில் இருப்பது உயிர். வேரைச் சுற்றியும் செடிக்குள்ளும் குடியேறும் இந்தப் பாக்டீரியா, செடியின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகிறது. அப்போது செடியில் கூடும் சில புரதங்கள் இலை தின்னும் புழுவுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நெல்லின் இலையுறைக் கருகலோடு இலைச்சுருட்டுப்புழுவின் சேதமும் குறைந்திருந்தது. பவேரியா வேறு வகை: அது பூஞ்சை. அதன் வித்து புழுவின் மேல் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். புழு சாகச் சில நாளாகும்.

அந்தச் சில நாள் நமக்குப் பொறுக்கவில்லை. மானியத்தில் வந்த பொட்டலத்தைத் தகரக் கொட்டகையில் போட்டு வேகவைத்தோம். தயாரித்த தேதி, காலாவதித் தேதி எதையும் பார்க்கவில்லை. பூஞ்சைக்கொல்லியோடு ஒரே டேங்கில் பவேரியாவைக் கலந்தோம். முளைக்க ஈரம் கேட்கும் வித்தை, மார்கழிப் பனி இறங்கும் மாலைக்குக் காத்திராமல் உச்சிவெயிலில் தெளித்தோம். மறுநாள் புழு நெளிவதைக் கண்டு, இயற்கை மருந்தே இப்படித்தான் என்று தீர்ப்பும் சொன்னோம்.

விவசாயி மேல் மட்டும் பழியில்லை. அதிகாரிகளாக இருந்த நாம் இதையெல்லாம் கையேட்டில் அச்சடித்ததோடு நின்றோம். சேற்றில் இறங்கிச் செய்துகாட்டியது குறைவு. விற்றவர்களாக இருந்த நாம் அந்தப் பொட்டலத்தை யூரியா மூட்டைக்கு அருகில் அடுக்கினோம். எழுதுகிற நாம் காசர்கோட்டு எண்டோசல்ஃபான் கொடுமையைப் பக்கம் பக்கமாக எழுதினோம். சிற்றாற்றங்கரை வயலில் என்ன தெளிக்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை.

முற்றிய தாக்குதலை நுண்ணுயிர் ஒரே நாளில் நிறுத்திவிடாது. அதனால்தான் சூடோமோனாஸின் வேலை விதைநேர்த்தியில், கிலோ விதைக்கு 10 கிராமில், தொடங்குகிறது. நாமோ புழு வந்த பிறகு அதைத் தேடினோம். வரும் பிசானத்துக்கு விதை ஊறப்போடும் முன்பே கடைக்குப் போவோம். விலை கேட்பதற்கு முன், எப்போது தயாரித்தது, இதுவரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்போம்.