வண்டிக்கு மட்டும் போதாது, ஓட்டத்துக்கும் மானியம் வேண்டும்

பிஎம் இ-பஸ் சேவா திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 10,000 மின்சாரப் பேருந்துகள், 57,613 கோடி ரூபாய் மதிப்பீடு, அதில் மத்திய அரசின் பங்கு 20,000 கோடி. ஆனால், 2011 கணக்கெடுப்பின்படி மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்குத்தான் அது. அடுத்து 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பேருந்துகளுக்கென்று 4,391 கோடி ஒதுக்கினார்கள். அதற்கான வரம்பு 40 லட்சம். நாடு முழுவதும் ஒன்பது நகரங்கள் தேறின. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். மாநில அரசின் 2023 மின்வாகனக் கொள்கையும் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என்று ஆறு பெருநகரங்களைத்தான் மின்வாகன நகரங்களாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் காளப்பநாயக்கன்பட்டி பேரூராட்சிக்கு இந்தப் பட்டியல்களில் எங்கும் இடமில்லை. மாவட்டத் தலைநகரான நாமக்கல்லே மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகும் மூன்று லட்சம் வரம்பைத் தொடவில்லை. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 490 பேரூராட்சிகளின் கதையும் இதுதான். மக்கள்தொகையை மட்டும் அளவுகோலாக்கும் இந்த முறை தவறு என்றும், அது உடனே மாற வேண்டும் என்றும் நாம் சொல்கிறோம்.

இ-பஸ் சேவா திட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. மலை மாநிலங்களின் தலைநகரங்கள், மூன்று லட்சம் பேர் இல்லாவிட்டாலும் தகுதி பெறும். மலைப்பகுதியின் தேவை வேறு என்று மத்திய அரசே ஒப்புக்கொண்ட இடம் இது. அப்படியானால் சமவெளி மாநிலத்துக்குள் இருக்கும் மலைக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை? காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி காரவள்ளிக்குப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மேலே 14 ஊராட்சிகள். அங்கே விளையும் மிளகும் காபியும் பலாவும் வாழையும் இந்த வழியாகத்தான் இறங்கிவருகின்றன. அரிசியும் மருந்தும் இந்த வழியாகத்தான் ஏறுகின்றன. நோயாளியைக் கீழே கொண்டுவருவதும் இந்தச் சாலைதான்.

மலைச் சாலைக்கு மின்வண்டி சரிப்படாது என்று சொல்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். அடிவாரத்துக்கும் மலைமேல் ஊர்களுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க 2.7 யூனிட் மின்சாரம் போதும். ஆட்களோடு ஏழு டன் வரும் சிற்றுந்துக்கு, உயரம் ஏறுவதற்கு மட்டும் சுமார் 19 யூனிட் ஆகும். சக்கர உராய்வு, மோட்டார் இழப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனாலும் இன்றைய மின்பேருந்துகள் பலவற்றின் பேட்டரி 100 யூனிட்டுக்கு மேல் கொள்ளும். இறங்கும்போதுதான் உண்மையான லாபம். டீசல் வண்டி மலையிறங்கும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகி வீணாகிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போவது மலைச் சாலை ஓட்டுநர்கள் எல்லோரும் அஞ்சும் ஆபத்து. மின்வண்டியில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, ஏற்றத்தில் செலவானதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பியும் தருகிறது. எழுபது வளைவுகள் உள்ள சாலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எது?

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. இமாசலப் பிரதேசத்தின் அரசுப் போக்குவரத்துக் கழகம் 2017-லேயே மணாலியிலிருந்து 13,000 அடி உயரத்து ரோதாங் கணவாய்க்கு மின்பேருந்து விட்டது. மத்திய அரசின் ஃபேம் திட்ட மானியம் அதற்குக் கிடைத்தது. கொல்லிமலையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஏற்றம், அதோடு பனி.

பேருந்து ஓட்டுவது பேரூராட்சியின் வேலை இல்லை, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வேலை என்பது சரிதான். பேரூராட்சி சொந்தமாக ஓட்டுவது குப்பை வண்டிகளையும் தண்ணீர் லாரியையும்தான். அவற்றுக்கும் மாற்று எரிபொருள் வந்தாயிற்று. தூய்மை இந்தியா திட்ட நிதியிலும் 15-ஆவது நிதிக்குழு மானியத்திலும் தமிழகத்தின் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் பேட்டரி வண்டிகளை வாங்கின. சிறு நகரங்களுக்கு வந்த நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டிய பணம் என்பதால் இந்த வண்டிகளுக்கு வழி பிறந்தது. தூய்மைப் பணியாளர்கள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கிய நிலை பல தெருக்களில் மாறியது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, ஏறி உட்கார்ந்து ஓட்டலாம் என்பது நாள் முழுதும் குப்பையோடு நடந்தவர்களுக்குப் பெரிய விடுதலை.

அதன் பிறகு நடந்ததுதான் வேதனை. மாநிலம் எங்கும் அலுவலக வளாகங்களில் டயர் இறங்கி, பேட்டரி செத்து, செடி முளைத்து நிற்கும் வண்டிகளின் படங்களை நாளிதழ்கள் திரும்பத் திரும்ப வெளியிட்டுவிட்டன. காரணம் எளிது. மலிவான வண்டிகளில் வருவது பெரும்பாலும் ஈய-அமில பேட்டரி. தினமும் ஏற்றி இறக்கினால் இரண்டு மூன்று வருடங்களில் அதன் ஆயுள் முடிந்துவிடும். லித்தியம் பேட்டரி அதைவிடப் பல ஆண்டுகள் உழைக்கும், ஆனால் முதல் விலை கூடுதல். விலை குறைந்தவருக்கே டெண்டர் என்ற நிலையில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை. பேட்டரி போனதும் புதிது போட வேண்டிய செலவு பேரூராட்சியின் பொது நிதித் தலையில் விழுகிறது. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் வைத்துச் சம்பளம் போடவே திணறும் ஓர் ஊரில், செயல் அலுவலர் எதை முதலில் பார்ப்பார்? வண்டி ஓரம்கட்டப்படுகிறது, பணியாளர் மறுபடி தள்ளுவண்டிக்குத் திரும்புகிறார்.

இதையே மாநகரங்களுக்கு எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். இ-பஸ் சேவா திட்டத்தில் ஓடிய கிலோமீட்டருக்குத்தான் பணம். 12 மீட்டர் பேருந்துக்கு 24 ரூபாய், 9 மீட்டருக்கு 22, 7 மீட்டருக்கு 20 என்று மத்திய அரசு பத்தாண்டுகள் வரை தருகிறது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து தொடங்கிவைக்கப்பட்ட 120 மின்பேருந்துகளும் ஒப்பந்த நிறுவனம் பராமரித்து ஓட்டும் முறையில்தான் இயங்குகின்றன. பேட்டரி செத்தால் அது ஒப்பந்தக்காரரின் கவலை. வண்டி நின்றால் அவருக்கு வருமானம் இல்லை. பராமரிப்புக்கு ஆளும் பட்டறையும் பணமும் உள்ள மாநகரத்துக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு கொடுக்கிறோம். அவை எதுவும் இல்லாத பேரூராட்சிக்கு வண்டியை வாங்கிக் கொடுத்துக் கொடியசைத்துவிட்டுப் போகிறோம். அநீதி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பேரூராட்சிக்கு இந்த முறை ஒத்துவராது, எண்ணிக்கை குறைவு, யார் டெண்டருக்கு வருவார்கள் என்ற மறுப்பு எழும். காளப்பநாயக்கன்பட்டி தனியாக நான்கு வண்டி கேட்டால் யாரும் வரமாட்டார்கள்தான். சேந்தமங்கலம், எருமப்பட்டி, நாமகிரிப்பேட்டை என்று பக்கத்துப் பேரூராட்சிகளும் கொல்லிமலை ஊராட்சிகளும் சேர்ந்து ஒரே ஒப்பந்தமாகக் கேட்டால் வருவார்கள். 2022-இல் கொல்கத்தா, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், சூரத் ஆகிய ஐந்து நகரங்களுக்கும் சேர்த்து 5,450 பேருந்துகளுக்கு மத்திய அரசின் நிறுவனமான சிஇஎஸ்எல் ஒரே டெண்டர் விட்டபோது கிலோமீட்டர் விலை டீசல் பேருந்தைவிடக் கீழே இறங்கியது. பெரிய நகரங்களுக்கே சேர்ந்து கேட்பதில் லாபம் என்றால் சின்ன ஊர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒப்பந்தத்தின் ஆயுள் எட்டு அல்லது பத்து ஆண்டுகள் இருக்கட்டும். வண்டி வேலை செய்த நாளுக்கு மட்டும் பணம் என்று எழுதட்டும்.

பழுதுபார்க்க ஆள் இல்லை என்ற சாக்கு நாமக்கல் மாவட்டத்தில் செல்லாது. நாடு முழுதும் ஓடும் லாரிகளுக்கும் டேங்கர்களுக்கும் பாடி கட்டும் ஊர் இது. வெல்டிங், வயரிங், டயர், லேத் வேலை என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு உயர் மின்னழுத்த பேட்டரியைக் கையாளப் பயிற்சி கொடுக்க மானியத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் போதும். வேலையும் ஊரிலேயே இருக்கும், வண்டியும் நிற்காது.

மாற்று எரிபொருள் என்றாலே பேட்டரி என்று எண்ணுவதும் மாற வேண்டும். இதே மாவட்டத்தின் புதுச்சத்திரத்தில், கோழி எச்சம் போன்ற கழிவுகளிலிருந்து வாகனங்களுக்கான உயிரிவாயு தயாரிக்கும் ஆலை 2020-இல் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 15 டன் அதன் திறன். இந்தியன் ஆயில் பம்புகளில் அந்த வாயு விற்பனைக்கும் வந்தது. முட்டைக்குப் பெயர்போன மாவட்டத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சமா? இந்தூர் மாநகராட்சி தன் ஈரக் குப்பையிலிருந்து வாயு எடுக்க 2022-இல் 550 டன் ஆலையைத் தொடங்கி, அந்த வாயுவில் நகரப் பேருந்துகளை ஓட்டுகிறது. மலையேறும் தண்ணீர் லாரிக்கும் குப்பை லாரிக்கும் பேட்டரியைவிட உயிரிவாயு பொருந்தக்கூடும். எதை எங்கே பயன்படுத்துவது என்பதை உள்ளூர் மன்றம் தீர்மானிக்கட்டும். பேட்டரிக்குத்தான் பணம் என்று டெல்லியிலோ சென்னையிலோ இருந்துகொண்டு முன்கூட்டியே எழுதிவைக்கக் கூடாது.

மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தமிழகத்தின் மின்சாரத்தில் காற்றும் சூரியனும் ஆண்டுக்காண்டு கூடிவருகின்றன. பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவின் கூரையில் சூரியத் தகடு போட்டு, காலை நடை முடிந்து வரும் குப்பை வண்டிகளைப் பகலிலேயே சார்ஜ் செய்யலாம். டீசல் வண்டியின் புகையோ, வீட்டு வாசலில் நிற்கும் குழந்தையின் மூக்குக்கும் வண்டிக்குப் பின்னால் நடக்கும் பணியாளரின் நுரையீரலுக்கும் நேராகப் போகிறது.

16-ஆவது நிதிக்குழுவின் காலம் 2026-27 நிதியாண்டில் தொடங்குகிறது. அந்த மானியத்துக்கான நடைமுறைகளைப் பொறுத்தவரை மாநில அரசு இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டும். துப்புரவு வண்டிகளுக்கான பணத்தை வாங்கும் விலையாகத் தராமல், பேட்டரி மாற்றும் செலவும் சேர்ந்த ஆண்டுக் கட்டணமாகப் பேரூராட்சிக் கூட்டமைப்புகளுக்குத் தர வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 7 மீட்டர் மின்சிற்றுந்துகளை ஓட்டிப் பார்க்க அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்துக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். மலை மாநிலத் தலைநகரங்களுக்குக் கொடுத்த விலக்கை மற்ற மாநிலங்களின் மலை வட்டாரங்களுக்கும் நீட்டிக்கும்படி மத்திய அரசிடம் கேட்பது நாமக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினரும் சேந்தமங்கலத்தின் சட்டமன்ற உறுப்பினரும் கட்சி வேறுபாடு பாராமல் கையில் எடுக்க வேண்டிய வேலை. அடுத்த முறை ஒரு பேட்டரி வண்டிக்குக் கொடியசைக்கப்படும்போது, நான்காவது வருடம் அதன் பேட்டரிக்கு யார் பணம் தருவார்கள் என்பதை மன்றத் தீர்மானத்தில் எழுதிக் காட்டும்படி காளப்பநாயக்கன்பட்டி மக்கள் கேட்கட்டும்.