நல்லதண்ணியில் நின்று கேட்கவேண்டிய கேள்வி

கனடாவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து ஒரு மணிநேரம் பொரிந்து தள்ளினார். சிவனொளிபாதமலை நம் கையை விட்டுப் போய்விட்டதாம். பலகைகளில் வேறு பெயர் ஏறிவிட்டதாம். பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் எல்லோரும் வாய்மூடி மௌனிகளாக இருக்கிறோமாம். முழுவதையும் கேட்டபின், "மலைக்கு எத்தனை தரம் ஏறியிருக்கிறியள்?" என்று கேட்டேன். ஒருதரமும் இல்லை. மறுநாள் நுவரெலியாவுக்குப் போவதற்கு வாகனம் ஒழுங்கு செய்திருந்தார். மலை அவருடைய பயணத் திட்டத்திலேயே இருக்கவில்லை.

அவருடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சிங்கள மக்களுக்கு அது ஸ்ரீபாத, சமனல கந்த. முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. நமக்குச் சிவனொளிபாதம். தமிழில் எழுதப்படும் பலகையில் தமிழர் வழங்கிவரும் பெயரே இருக்கவேண்டும்; மற்றொருவரின் நம்பிக்கையைத் தமிழில் மொழிபெயர்த்து அங்கே மாட்டுவது தமிழுக்கு இடங்கொடுத்ததாக ஆகாது. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் மலையின் பொறுப்பைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்ததையும், 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனைப் பிக்குகளிடம் மீளக் கொடுத்ததையும் சூளவம்சமே பதிவுசெய்திருக்கிறது. இவற்றை நான் முன்னரும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

ஆனால் நம்மவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் இன்னொரு சான்றைச் சற்று நிதானமாக வாசிக்கவேண்டும். 1344இல் இலங்கைக்கு வந்த இபன் பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து மலைக்குப் போக உதவி கேட்கிறார். மன்னன் பல்லக்கும் சுமைதூக்குவோரும் கொடுத்து, மூன்று பிராமணரையும் நான்கு யோகிகளையும் வழித்துணையாக அனுப்புகிறான். அந்த யோகிகள் ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை போகிறவர்கள் என்று பதூதா குறிப்பிடுகிறார். அட்டைகள் பாய்ந்து கடிப்பதையும், எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து அவற்றை விழவைப்பதையும்கூட எழுதி வைத்திருக்கிறார். (அந்த வைத்தியம் இன்றும் பலிக்கிறது. இரத்தினபுரிப் பாதையில் போனபோது நானே பரீட்சித்துப் பார்த்தேன்.)

ஆரியச்சக்கரவர்த்தியின் பெயரை மேடைகளில் முழங்குகிறவர்கள் அந்த நான்கு யோகிகளை மறந்துவிடுகிறார்கள். அன்று நமக்கு அம்மலையில் ஒரு பாத்தியதை இருந்ததென்றால், அதற்குக் காரணம் ஆண்டுதோறும் அங்கே ஏறிய கால்கள். இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது பெயர். அதையும் வீட்டுக்குள் இருந்துகொண்டே காக்கப் பார்க்கிறோம்.

மார்கழிப் போயா தொடக்கம் வெசாக் போயா வரை பருவகாலம். அற்றனில் ரயிலை விட்டிறங்கி, மஸ்கெலியாவைக் கடந்து, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக நல்லதண்ணிக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு படிகள். சிகரத்தின் உயரம் 2,243 மீற்றர். நள்ளிரவில் புறப்பட்டால் விடியுமுன் மேலே நிற்கலாம். சூரியன் எழும்போது மேற்குப் பக்கமாக மலையின் நிழல் முக்கோணமாய் விழுவதை ஒருமுறை கண்டவர்கள் அந்த இடம் யாருடையது என்று வாதாடிக்கொண்டு நிற்பதில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இறங்கும்போதுதான் வெட்கம் தொடங்குகிறது. இருட்டில் கண்ணுக்குப் படாதவை எல்லாம் பகலில் தெரிகின்றன. பிளாஸ்டிக் போத்தல்கள், சோற்றுப்பொதி சுற்றிய தாள்கள், பொலித்தீன் மழையங்கிகள், பிஸ்கட் உறைகள். சாது சாது என்று சொல்லிப் போனவர்களும் அரோகரா என்று சொல்லிப் போனவர்களும் இந்த ஒரு காரியத்தில் பூரண ஒற்றுமையைக் காட்டியிருக்கிறார்கள். பருவம் முடிந்தபின் தன்னார்வத் தொண்டர்கள் மூட்டை மூட்டையாகக் கட்டி இறக்குகிறார்கள். பள்ளத்தில் விழுந்ததை யார் எடுப்பது? 1940இல் சரணாலயமாக்கப்பட்ட காடு அது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. இந்தச் சரிவுகளில் பெய்யும் மழை மஸ்கெலி ஓயாவில் சேர்கிறது. மஸ்கெலி ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் கூடித்தான் களனி கங்கை. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஊரின் பெயரோ நல்லதண்ணி!

அந்தப் பெயரை நம்மவர்கள் காதில் வாங்குவதே இல்லை. மலையடிவாரத்து ஊர் ஒன்று தூய தமிழ்ப் பெயரோடு இருக்கிறது. பக்கத்திலேயே சாமிமலை இருக்கிறது. எந்த மன்னனின் கல்வெட்டும் இவற்றைக் காக்கவில்லை. கொழுந்து பறிக்கவென்று கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் நாள்தோறும் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு அங்கே வாழ்கிறார்கள், அவ்வளவுதான். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியபோது வடக்கின் தமிழ்த் தலைமை இரண்டுபட்டு நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்துப் போட்டபோதும் அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரன் காலத்து லயன் காம்பராக்களில்தான் இருந்தார்கள். சிகரத்தில் சிவனின் பெயர் அழிகிறதென்று துடிக்கும் நாம், அந்தப் பெயரைச் சொல்லும் கடைசி மனிதர்கள் மண்சரிவுக்குப் பயந்து தூங்காமல் இருப்பதைப் பற்றி எத்தனை கண்டனக் கூட்டம் போட்டிருக்கிறோம்? தோட்டத்து இளைஞர்கள் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். லயன்கள் வெறுமையாகிவிட்டால் மலையில் தங்கத்தால் பலகை எழுதி வைத்தாலும் அதை வாசிக்க அங்கே ஆள் இராது.

இதை எழுதினால் சிலர் என்னைத் திட்டுவார்கள் என்று தெரியும். விட்டுக்கொடுக்கச் சொல்கிறான் என்பார்கள். நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, ஏறச் சொல்கிறேன். நுவரெலியாவில் செலவழிக்கும் இரண்டு நாட்களில் ஒன்றை நல்லதண்ணியில் செலவழியுங்கள். அடிவாரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கடைக்காரப் பெண்ணிடம் அவள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடந்து போகிறது என்று கேளுங்கள். கொண்டுபோன போத்தலைக் கொண்டே இறக்குங்கள். பெயர்ப்பலகை பற்றிய கடிதத்தை அதன்பிறகு எழுதுங்கள். நானும் கையெழுத்து வைக்கிறேன்.

உறவினர் நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது ஒரு பெட்டி தேயிலை கொண்டுவந்து தந்தார். அடுத்த முறை மலைக்குப் போவோம் என்றார். எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.