புதுக் கணினி வாங்கும் முன்…

காலையில் கணினியைத் தட்டிவிட்டு, காப்பி கலக்கிக் குடித்து முடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? "பழசாகிவிட்டது, புதுசு வாங்கித்தான் ஆகவேண்டும்" என்று கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஆயிரக்கணக்கில் வெள்ளியைச் செலவழிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, தானாகத் தொடங்கும் செயலிகள். ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், டிஸ்கார்ட் போன்ற பல செயலிகள் கணினி விழிக்கும்போதே தாமும் விழித்துக்கொள்ளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் பட்டியல் இருக்கும். 'ஹை' என்று குறிக்கப்பட்டவைதான் அதிகம் தாமதப்படுத்துபவை. உடனடியாகத் தேவைப்படாதவற்றை வலது சொடுக்கி, 'டிசேபிள்' கொடுங்கள். செயலி அழிந்துவிடாது, நீங்கள் திறக்கும்போது மட்டும் வரும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருளிலும் பெயர் புரியாதவற்றிலும் கைவைக்க வேண்டாம்.

இரண்டாவது, 'ரீஸ்டார்ட்'. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால், விண்டோஸின் உட்பகுதி முழுமையாக மூடப்படாது. அதன் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். பழைய சிக்கலும் கூடவே வரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை அதைச் செய்யுங்கள்.

மூன்றாவது, வட்டு. டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'டிஸ்க்' என்பதைப் பாருங்கள். 'எச்டிடி' என்றிருந்தால் அது சுழலும் தட்டு. தொடக்கத்தில் தேவைப்படும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அதன் முனை அங்குமிங்கும் நகர்ந்து தேட வேண்டும். 'எஸ்எஸ்டி'யில் நகரும் பாகமே கிடையாது. அதற்கு மாற்றினாலே பழைய கணினி சட்டென்று எழுந்துவிடும். புதுக் கணினியின் விலையில் சிறு பகுதிதான் செலவாகும். மாற்றும் முன் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று கேட்டறிந்த பிறகே எஸ்எஸ்டிக்குக் காசு போடுங்கள்.

"ஒரே சொடுக்கில் வேகம்" என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களைப் பதிவிறக்காதீர்கள். அவற்றில் பல, அந்த 'ஸ்டார்ட்அப்' பட்டியலில்தான் போய் உட்கார்ந்துகொள்ளும்.