வாட்டர்ப்ரூஃப் பென்டிரைவ்: அந்தக் கூடுதல் 900 ரூபாய் எதுக்கு?

போன மாசம் ஒரு தம்பி வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பினான். ஐடி வேலை, 27 வயசு, ரெண்டு வருஷமா அவன் ரிட்டர்ன் நான்தான் ஃபைல் பண்றேன். "அண்ணா, ஃபார்ம் 16, அப்பாவோட வீட்டுப் பத்திரம், பாலிசி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இதுல போட்டு வைக்கலாம்னு இருக்கேன். தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதாம், கார் ஏறினாலும் உடையாதாம். வாங்கலாமா?"

திறந்து பார்த்தேன். 64 ஜிபி, மெட்டல் பாடி, ரப்பர் சீல். சாதாரண 64 ஜிபி பென்டிரைவ் 450 ரூபாய்னா இது 1,350. மூணு மடங்கு.

கேள்வி சின்னதுதான். ஆனா இதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயம் சின்னது இல்ல. "வாங்காத"ன்னு ஒரே வார்த்தையில் முடிக்காம, ஏன்னு இங்க எழுதறேன். இது ஸ்பான்சர் பதிவு கிடையாது. டெஸ்ட் பண்ண டிரைவ் ரெண்டுமே என் காசு.

முடிச்சூர்ல போன 78,000 ரூபாய்

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். அடையாறு பொங்கினப்ப முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்ட் சார் வீடு அங்க, தரைத்தளம். அவர் ரொம்ப ஒழுங்கான மனுஷன். 2011-ல ஒரு பெட்ரூம் கூடுதலா கட்டி, சமையல் ரூமையும் மாத்தினார். செலவு 6 லட்சம். சிமெண்ட் பில், கம்பி பில், மேஸ்திரி கையெழுத்துப் போட்ட ரசீது, எல்லாம் ஒரே ஃபைல்ல. அதோட நிறுத்தல. பையனை விட்டு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி பென்டிரைவ்ல போட்டு, அந்த பென்டிரைவையும் அதே ஃபைல் கவர்ல சொருகி, பீரோ கீழ்த்தட்டுல வெச்சிருந்தார்.

தண்ணி வடிஞ்சதும் என்ன ஆகும்? ஊறின மெத்தை, துணி, பேப்பர் எல்லாத்தையும் வாரித் தெருவுல போட்டாங்க. சேறு படிஞ்ச அந்த ஃபைலும் போச்சு, உள்ள இருந்த பென்டிரைவும் போச்சு.

2024 கடைசியில வீட்டை வித்தார். கேபிடல் கெயின்ஸ் கணக்குப் போடும்போது அந்த 6 லட்சத்தைக் கழிக்கலாம். ஆனா கையில ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. பேங்க் ஸ்டேட்மெண்ட்ல காமிக்கலாம்னா, எல்லாம் ரொக்கமா குடுத்தது. நோட்டீஸ் வந்தா நிக்க முடியாதுன்னு க்ளெய்ம் பண்ணாம விட்டோம். அவருக்கு 12.5% வழியிலதான் வரி கம்மியா வந்தது. 6 லட்சத்துக்கு 12.5% வரி 75,000, அதுக்கு மேல 4% செஸ் 3,000. மொத்தம் 78,000 ரூபாய். திரும்ப வேற வீடு வாங்கல, அதனால அந்த விலக்கும் இல்ல.

இப்ப யோசிங்க. அந்த பென்டிரைவ் வாட்டர்ப்ரூஃபா இருந்திருந்தா என்ன மாறியிருக்கும்? ஒண்ணுமே மாறியிருக்காது. குப்பையோட போயிருக்கும், அங்கேயும் நல்லா வேலை செஞ்சிருக்கும். தப்பு பென்டிரைவ்ல இல்ல. அசலும் நகலும் ஒரே கவர்ல இருந்ததுதான் தப்பு.

பெட்டி மேல போட்டிருக்கிறதை எப்படிப் படிக்கிறது?

ஐபி67, ஐபி68ன்னு போட்டிருப்பாங்க. இது ஐஇசி 60529ங்கிற சர்வதேசத் தரம். முதல் எண் தூசிக்கு. 6 தான் அதுல உச்சம், தூசி உள்ள போகாதுன்னு அர்த்தம். ரெண்டாவது எண் தண்ணிக்கு. 7ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம். 8ன்னா அதை விடக் கடுமையான நிலைமை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்னு கம்பெனியே சொல்லணும். அந்த விவரம் இல்லாம வெறும் "வாட்டர்ப்ரூஃப்"னு மட்டும் போட்டிருந்தா, அது விளம்பர வார்த்தைன்னு எடுத்துக்கோங்க.

கோர்சேர் கம்பெனியோட ஃப்ளாஷ் சர்வைவர் மாதிரி டிரைவ்கள் இந்த வகையில ரொம்ப பிரபலம். அலுமினியக் குழாய், உள்ள ரப்பர் சீல், 200 மீட்டர் ஆழம் தாங்கும்னு சொல்லித்தான் விக்கறாங்க. கட்டுமானம் நிஜமாவே நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்த வகையில ஒரு நிபந்தனை இருக்கு: மூடி முழுசா திருகியிருக்கணும். ரப்பர் வளையத்துல மண்ணோ நூலோ ஒட்டியிருந்தா சீல் பிடிக்காது.

இன்னொரு வகை, மூடியே இல்லாம ஒரே துண்டு மெட்டல்ல வர்றது. இதுல சிப்பையே மொத்தமா மோல்ட் பண்ணி அடைச்சிருப்பாங்க. உள்ள தண்ணி போக இடமே கிடையாது. இதெல்லாம் சாதாரண விலையிலேயே நிறைய கிடைக்குது. "ரக்டு"ன்னு பேர் போடாததால யாரும் கவனிக்கறதில்ல, அவ்வளவுதான்.

பக்கெட் டெஸ்ட்

அந்த விலை உயர்ந்த டிரைவையும் 450 ரூபாய் பிளாஸ்டிக் டிரைவையும் ஒரே ஃபைல்களைப் போட்டு, பக்கெட் தண்ணில 30 நிமிஷம் போட்டேன். எடுத்து, ரெண்டு நாள் ஃபேன் காத்துல காய வெச்சு, அப்புறம் சொருகினேன். ரெண்டுமே வேலை செஞ்சுது. ரெண்டுலயும் எல்லா ஃபைலும் திறந்துச்சு.

இதுல மாயம் ஒண்ணும் இல்ல. பென்டிரைவ்ல பேட்டரி கிடையாது. கரண்ட் இல்லாதப்ப தண்ணி பட்டா ஷார்ட் ஆக வழியில்ல. ஈரம் காயறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு சொருகினாத்தான் ஆபத்து. அப்புறம் உப்புத்தண்ணி, சாக்கடைத்தண்ணி வேற கதை. அது காய்ஞ்சாலும் படிவு நிக்கும், உள்ள அரிக்க ஆரம்பிக்கும். அங்க சீல் போட்ட டிரைவ் நிச்சயமா ஜெயிக்கும். என் ஒரு பக்கெட்டை வெச்சு எல்லா பிளாஸ்டிக் டிரைவும் தாங்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா பேன்ட் பாக்கெட்ல மறந்து துணியோட துவைச்சுட்டீங்கன்னா, உடனே சொருகாம காய விடுங்க. பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

இதை ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியா பாருங்க

கூடுதலா குடுக்கிற 900 ரூபாய்தான் பிரீமியம். கவரேஜ் என்ன? தண்ணி, அடி, தூசி. எது எது கவர் ஆகாது?

ஆட்டோவுல விட்டுட்டு இறங்கறது. ஆபீஸ் சிஸ்டத்துல சொருகினபடியே மறந்து வர்றது. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுக்கப்போய் வைரஸ் வாங்கிட்டு வர்றது. தப்பான ஃபோல்டரை டெலீட் பண்றது. வெளியில கீறலே இல்லாம உள்ள கண்ட்ரோலர் சிப் ஒரு நாள் திடீர்னு செத்துப்போறது. உங்க நண்பர்கள்ட்ட விசாரிச்சுப் பாருங்க, பென்டிரைவ் போனது எப்படின்னு. இந்த லிஸ்ட்லதான் பெரும்பாலும் பதில் வரும். தண்ணில போச்சுன்னு சொல்றவங்க குறைவு.

"5 வருஷ வாரண்டி இருக்கே"ன்னு கேப்பீங்க. வாரண்டி பென்டிரைவுக்கு, உள்ள இருக்கிற டேட்டாவுக்கு இல்ல. புதுசா ஒரு காலி டிரைவ் குடுப்பாங்க. முடிச்சூர் சாருக்கு காலி டிரைவ் எதுக்கு?

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்றதில்ல. உறுதியான டிரைவ் தொலைஞ்சா, அது எடுத்தவன் கையிலயும் உறுதியா வேலை செய்யும். ஆதார், பான், சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் பாஸ்வேர்ட் இல்லாம உள்ள இருந்தா, உங்க பேர்ல லோன் கேக்கறதுக்கு வேண்டிய மொத்த செட்டும் அவன்ட்ட இருக்கு. கீசெயின்ல மாட்டற மாதிரி அழகா செஞ்சு குடுக்கறாங்க. தொலைக்கறதுக்கு அதை விட வசதியான இடம் இல்ல.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க: ஒரு வருஷத்துல சாதாரண டிரைவ் ஏதோ ஒரு காரணத்தால போகிற வாய்ப்பு 100-ல 5. ரக்டு டிரைவ் தண்ணி, அடியைத் தாங்கறதால அது 100-ல 4 ஆகுது. இப்ப ரெண்டு சாதாரண டிரைவை வேற வேற ஊர்ல வெச்சா? ரெண்டும் ஒரே வருஷத்துல போகிற வாய்ப்பு 5% பெருக்கல் 5%, அதாவது 0.25%. 400-ல 1.

செலவு? ரக்டு ஒண்ணு 1,350. சாதாரணம் ரெண்டு 900. கம்மிக் காசுக்கு எத்தனையோ மடங்கு பாதுகாப்பு. ஆனா ஒரு கண்டிஷன். இந்தப் பெருக்கல் கணக்கு, ரெண்டும் தனித்தனி இடத்துல இருந்தாத்தான் செல்லும். ஒரே பீரோவுல வெச்சா பத்து டிரைவ் இருந்தாலும் ஒரே வெள்ளத்துல, ஒரே திருட்டுல போகும். ம்யூச்சுவல் ஃபண்ட்ல டைவர்சிஃபிகேஷன் பத்தி நாம பேசறது இதேதான்.

எதைக் காப்பாத்தணும்?

சம்பளக்காரங்க பொதுவா தப்பான பேப்பரைத்தான் பத்திரமா வெக்கறாங்க. ஃபைல் பண்ண ரிட்டர்ன், 26ஏஎஸ், ஏஐஎஸ் எல்லாம் வருமான வரி போர்ட்டல்லயே இருக்கு. ஆதார், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கர்ல அந்தந்தத் துறையே வழங்கும்போது அசலுக்கு இணையா செல்லும். நீங்களே ஸ்கேன் பண்ணி அதுல ஏத்தினதுக்கு அந்த மதிப்பு கிடையாதுங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பத்திரத்தோட சான்றிட்ட நகல்கூட பதிவுத்துறையில வாங்கிடலாம்.

யாராலயும் திரும்பக் குடுக்க முடியாதது வேற: வீடு கட்டின, மாத்தின பில்; நகை வாங்கின பில்; மூடிப்போன புரோக்கர் குடுத்த காண்ட்ராக்ட் நோட்; பழைய கம்பெனியோட ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், ஃபார்ம் 16; உறவுக்காரங்கள்ட்ட கடன் வாங்கினதுக்கும் அன்பளிப்பா வாங்கினதுக்கும் எழுதின காகிதம். பில்லை வாங்கின அன்னிக்கே ஸ்கேன் பண்ணுங்க. தெர்மல் பேப்பர் பில் தண்ணியே படாம தானா வெளுத்துப்போகும்.

நான் என்ன பண்றேன்?

ஒரு காப்பி லேப்டாப்ல. ஒரு காப்பி கிளவுட்ல, டூ ஃபேக்டர் போட்டு. ஒரு பென்டிரைவ் ஊர்ல அம்மா வீட்டு பீரோவுல. பென்டிரைவ்ல போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் 7-ஜிப்ல பாஸ்வேர்ட் போட்டு, ஏஇஎஸ்-256 என்கிரிப்ஷன் தேர்ந்தெடுத்து ஒரே ஃபைலா ஆக்கிடுவேன். பாஸ்வேர்ட் மனைவிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சு, நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனா, அது பாதுகாப்பு இல்ல, வீட்டுக்காரங்களுக்கு வெச்ச பூட்டு.

வாங்கின உடனே டிரைவை எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச மென்பொருள்ல முழுசா எழுதிப் பார்ப்பேன். 64ன்னு காமிச்சு உள்ள 8 ஜிபி வெச்சு ஏமாத்தற போலி டிரைவ் அதுல மாட்டிக்கும். 64 ஜிபி டிரைவ் விண்டோஸ்ல 59 சொச்சம்னு காமிக்கிறது மட்டும் ஏமாத்து இல்ல, அது எண்ணுற முறை வித்தியாசம்.

முக்கியமா, பென்டிரைவைப் போட்டுட்டு மறக்கக்கூடாது. ஃப்ளாஷ் மெமரில டேட்டா மின்னேற்றமா நிக்குது, அது வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியும். நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை: ஜனவரில ஆபீஸுக்கு இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் குடுக்கும்போது ஒண்ணு, ஜூலைல ரிட்டர்ன் போடும்போது ஒண்ணு. சொருகி, நாலு ஃபைல் திறந்து பார்த்து, புதுசா ஒரு தடவை காப்பி பண்ணுங்க. 20 நிமிஷ வேலை.

அப்ப யாருக்கு அது வேணும்?

சைட் இன்ஜினியர், மீன்பிடித் துறைமுகத்துல வேலை பார்க்கிறவங்க, மழையில பைக்ல சுத்தற சேல்ஸ் ஆளுங்க. தினமும் டிரைவ் கையில இருக்கணும், தூசியும் தண்ணியும் தவிர்க்க முடியாதுன்னா, தாராளமா வாங்குங்க. அங்க 900 ரூபாய் நியாயமான பிரீமியம். அதையும் ரெண்டாவது காப்பியாத்தான் வெக்கணும்.

பீரோவுல வெக்கற ஃபார்ம் 16-க்கு அது தேவையே இல்ல.

தம்பிட்ட இதைத்தான் சொன்னேன். ரெண்டு சாதாரண மெட்டல் டிரைவ் வாங்கினான். ஒண்ணு திருச்சில அவன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கு. மிச்சம் 450 ரூபாய். அதை என்ன பண்ணலாம்னு கேட்டான். அப்பா வீட்டு ரிப்பேர் பில்லையெல்லாம் இந்த வாரக் கடைசியில ஸ்கேன் பண்ணச் சொல்லி, போயிட்டு வர பஸ் டிக்கெட்டுக்கு வெச்சுக்கோன்னு சொன்னேன்.

நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை வீட்டு பீரோவைத் திறந்து, அசலும் நகலும் ஒரே கவர்ல இருக்கான்னு மட்டும் பாருங்க. 7-ஜிப்ல பாஸ்வேர்ட் போடறது எப்படின்னு அடுத்த வீடியோல ஸ்க்ரீன்ல காமிக்கிறேன்.