அணிலுக்கு மூன்று கோடு, கொத்தனாருக்கு?

இராமேசுவரம் கடற்கரையில் எந்தக் கட்டடத்துக்குக் கால்கோள் நடந்தாலும், மேடையேறும் பெரியவர்களுள் ஒருவராவது அணிலின் கதையைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சேது கட்டியபோது மணல் சுமந்த அணில், முதுகைத் தடவிய இராமன், மூன்று கோடுகள். தொண்டரடிப்பொடியாழ்வார் முதல் உள்ளூர் ஒப்பந்தக்காரர் வரை அனைவருக்கும் உகந்த அணில் அது. எனக்கோ நெடுநாளாக ஓர் ஐயம். வானரங்கள் உருட்டிய பாறையொன்று அந்த அணிலின் மேல் விழுந்திருந்தால், அதன் குஞ்சுகளுக்கு யார் பதில் சொல்லியிருப்பார்?

குதர்க்கம் என்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் தந்தை, எழும்பிக்கொண்டிருந்த தங்கும் விடுதி ஒன்றின் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். இடமும் பெயரும் வேண்டாம். அடக்கம் முடியுமுன் ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஒரு தொகை கொடுத்தார்கள். வழக்குப் போடலாமே என்று துக்கம் கேட்கப் போன இடத்தில் நான் அறிவுரை சொன்னேன். மாணவியின் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மேஸ்திரி நல்ல மனுசன்தான் சார். அவரே வட்டிக்கு வாங்கித்தான் குடுத்தாரு. கேசு போட்டு செயிச்சா மட்டும் அவருகிட்ட என்ன இருக்கு?”

பொறுப்புக் காப்பீடு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை, வேலையில் இறந்தவருக்கு இழப்பீடு தர வேண்டியவர் முதலாளிதான். ஆனால் அந்த முதலாளி யார்? இரண்டு கரணையும் ஒரு சென்ட்ரிங் செட்டும் சொத்தாக வைத்திருக்கும் மேஸ்திரி. அவருக்கு மேலே இருப்பவரைப் பிடிக்கவும் சட்டத்தில் வழியுண்டு. விடுதி நடத்துவதுதான் என் தொழில், கட்டுவதன்று என்று அவர் நழுவவும் வழியுண்டு. பணமில்லாதவன் மேல் ஏற்றிவைத்த பொறுப்பு, நீர்மேல் எழுத்து.

என் பழைய ஸ்கூட்டருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லையென்றால் காவலர் நிறுத்தித் தண்டம் விதிப்பார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படி. தெருவோரம் நாலு மாடிக்குச் சாரம் கட்டி, நடப்பவர் தலைக்கு மேலே செங்கல் ஏற்றுகிறவரிடம் அப்படியொரு தாளை யாரும் கேட்பதில்லை. போபாலில் 1984இல் அத்தனை உயிர் போனபின் 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அது அபாயகரமான பொருள்களைக் கையாள்வோருக்கு மட்டும். செங்கல்லும் கம்பியும் அப்பட்டியலில் இல்லை. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகும் சேர்க்கப்படவில்லை.

பாலம், துறைமுகம் போன்ற பெரும்பணிகளில் ‘அனைத்து இடர்’ காப்பீடு எடுக்கச் சொல்வது ஒப்பந்த வழக்கம். அதில் மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கும் ஒரு பகுதி உண்டு. அதாவது இந்த ஏற்பாடு நம்மவருக்குத் தெரியாததன்று. சிறிய கட்டடத்துக்கு, சிறிய மனிதனுக்கு வரும்போதுதான் மறந்துபோகிறது.

வேலைக்காரரை விடுங்கள், வழியே போகிறவர் கதி? 2019 டிசம்பர் 2ஆம் நாள் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, கீழே தலித் குடியிருப்பில் உறங்கிய 17 பேரைக் கொன்றது. தனியாரின் சுவர், நிவாரணத் தொகையோ அரசுக் கருவூலத்திலிருந்து. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதலமைச்சர் மனமிரங்கி அறிவிப்பது ஒன்று, இறந்தவரின் மகள் உரிமையாகக் கேட்டுப் பெறுவது வேறொன்று. இந்த வேறுபாட்டை அழித்து எழுதும் பழக்கம் நம் இலக்கியவாதிகளுக்கு மிகுதி. கட்டடத் தொழிலாளி விழுந்தால் ஒரு கவிதை. அதில் வானம், வியர்வை, கடைசி வரியில் ஒரு பறவை. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் படமெடுத்து நாம் எழுதிய உருக்கங்களை அடுக்கினால் இன்னொரு சேது போடலாம்.

‘கடவுளின் செயல்’ என்றொரு சட்டத்தொடர் உண்டு. இராமேசுவரத்தில் அதற்கு இரட்டிப்பு மதிப்பு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துப் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. அதற்கு எந்தக் கொத்தனாரும் பொறுப்பாக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுதோறும் அடிக்கும் கச்சான் காற்றில் கயிறு இற்ற சாரம் சாய்வதும், உப்பேறிய மணலில் கலந்த காரை உதிர்வதும் அந்தக் கணக்கில் வருமா?

நலவாரியத்துக்கு ஒரு விழுக்காடு செலுத்துகிறோமே என்பார்கள். வாரியம் பதிவு செய்த தொழிலாளிக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதில் இடமில்லை. சிறு மேஸ்திரி தாங்கமாட்டார் என்பார்கள். அவர் ஏன் தாங்க வேண்டும்? சிமெண்டு போல, ஜல்லி போல, காப்பீட்டுத் தவணையும் மதிப்பீட்டில் ஒரு வரியாக நிற்கட்டும், கட்டுகிறவர் கொடுக்கட்டும். காப்பீட்டு நிறுவனங்கள் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கும் என்பது மட்டும் மெய்யான அச்சம், நானும் பட்டவன்தான். பாலிசிதாரரோடு உள்ள சண்டையைப் பிறகு வைத்துக்கொள், அடிபட்டவருக்கு முதலில் கொடு என்று நீதிமன்றங்கள் வாகன விபத்து வழக்குகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றன. அதையே இங்கும் சட்டமாக எழுதலாம்.

பிரான்சில் கட்டியவரின் பத்தாண்டுப் பொறுப்பு 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பிலேயே இருந்தது. வெறும் பொறுப்பு போதவில்லை என்று கண்டு, 1978இல் அதற்குக் காப்பீட்டையும் கட்டாயமாக்கினார்கள். 174 ஆண்டுகள் கழித்து அவர்கள் வந்துசேர்ந்த இடத்தில்தான் அந்தத் தாய் அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. கட்டட அனுமதி விண்ணப்பத்தில் சர்வே எண்ணுக்குக் கீழே இன்னொரு கட்டம்: பொறுப்புக் காப்பீட்டு ஆவண எண். அது நிரம்பாத விண்ணப்பத்தை ஊராட்சியோ நகராட்சியோ திருப்பியனுப்ப வேண்டும். அதுவரை கால்கோள் விழாக்களில் அணிலைக் கூப்பிடாதிருந்தால் நலம்.