கற்கால ஆகாரமும் சைக்கிள் யாத்திரையும்

1863-ஆம் வருஷத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. லண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்று ஒரு கனவான் இருந்தார். இறந்தவர்களின் சவ அடக்கத்தைக் கௌரவமாக நடத்திக் கொடுப்பது அவருடைய தொழில். அவருக்கு உடம்பு பெருத்துக்கொண்டே போய், குனிந்து பாதரட்சையின் கயிற்றை முடிவதும், மாடிப்படியில் நேராக இறங்குவதும் அசாத்தியமாகி விட்டன. பின்புறமாகத் திரும்பிக்கொண்டுதான் படி இறங்குவாராம். கடைசியில் ஹார்வி என்ற வைத்தியர், "ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு இவற்றை விட்டொழியும்" என்றார். பான்டிங் விட்டார், இளைத்தார், தாம் பெற்ற இன்பம் வையகம் பெற வேண்டுமென்று ஒரு துண்டுப் பிரசுரமும் அச்சிட்டார்.

அதே 1863-இல், மே மாதம் 30-ஆம் தேதி, நம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், பூகர்ப்ப சாஸ்திரியான ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஒரு குழியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தார். மனிதன் கையால் செதுக்கப்பட்ட கோடரி அது. பிறகு அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கோடரியை வைத்திருந்தவன் என்ன தின்றான் என்று பூட் துரை கேட்டிருக்கலாம். ஆனால் அதையே நாமும் தின்ன வேண்டும் என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

பான்டிங்கின் பத்தியத்தையும் பூட் துரையின் கோடரியையும் சேர்த்து முடிச்சுப் போட நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1975-இல் வோக்ட்லின் என்ற அமெரிக்க வைத்தியர் கற்கால ஆகாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1985-இல் ஈட்டன், கானர் என்ற இருவர் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகை ஒன்றில் அதை ஒரு சாஸ்திர விசாரமாகவே ஆக்கினார்கள். 2002-இல் லோரன் கார்டெய்ன் என்பவரின் புத்தகம் வந்தபின் 'பேலியோ' என்ற சொல் உலகமெங்கும் பரவிற்று. தமிழில் இதைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன். புனைபெயரே எத்தனை பொருத்தம் பாருங்கள்! அவருடைய 'பேலியோ டயட்' என்ற புத்தகமும், முகநூலில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் எழுதியவையும் பல வீடுகளின் சமையலறைக்குள் புகுந்து விட்டன. மாமியாரும் மருமகளும் அரிசிப் பானையைக் குறித்து விவாதம் செய்கிற காலம் இப்படித்தான் வந்தது.

விதிகள் சுருக்கமானவை. அரிசி, கோதுமை, கம்பு, சோளம், பருப்பு, சர்க்கரை, வெல்லம், விதைகளிலிருந்து எடுத்த எண்ணெய் - எல்லாம் விலக்கு. மாமிசம், மீன், முட்டை, கீரை, காய்கறி, நெய், தேங்காய் - எல்லாம் ஏற்பு. சைவர்களுக்குப் பனீர். காலையில் நூறு பாதாம் பருப்பு. கார்டெய்ன் பால் பதார்த்தத்தைத் தொடவே கூடாதென்றார். நம்மவர்கள் வெண்ணெய்க்கும் நெய்க்கும் விலக்களித்து விட்டார்கள். கற்கால மனிதன் எந்த மத்தைக் கொண்டு தயிர் கடைந்தான் என்று கேட்பது மரியாதையன்று. மனிதன் மாட்டைப் பழக்கியே பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

இன்னொரு சங்கதியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. நியாண்டர்தால் மனிதர்களின் பற்களில் படிந்து கல்லாகிப் போன காரையை 2011-இல் சுரண்டிப் பரிசோதித்தார்கள். ஈராக்கில் ஷனிதார் குகையிலும் பெல்ஜியத்தில் ஸ்பை குகையிலும் கிடைத்த பற்கள் அவை. அந்தக் காரையில் பல தாவரங்களின் மாவுத் துகள்கள் இருந்தன. ஷனிதார் பற்களில் பார்லி இனத்துப் புல் தானியம் வேகவைத்த அடையாளத்தோடு இருந்தது! ஆதி நியாண்டரே கஞ்சி குடித்திருக்கிறான்.

இதனால் பேலியோ ஆகாரம் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. சரித்திரம் கோணலாக இருந்தாலும் வைத்தியம் நேராக இருக்கலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வின்படி, நம் தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கு மேல். நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். மூன்று வேளையும் அரிசியும், அரிசிக்குத் துணையாக மேலும் அரிசியும் உண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சமூகத்தை நோக்கி, "போதும், நிறுத்து" என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டியதாகத்தான் இருந்தது.

இனிச் சைக்கிளுக்கு வருவோம். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஆமத்தூர். இரு பக்கமும் கரிசல் காடு, நடுநடுவே பட்டாசுத் தொழிற்சாலைகளின் தனித்தனிச் சிற்றறைகள், வேலியோரம் பனை. அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஜனங்கள் சைக்கிளில் போன காலம் உண்டு. இப்போது வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்து விட்டன. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் சைக்கிள்கள்தான் பழைய ஜாதியின் கடைசிப் பிரதிநிதிகள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாலைக்குப் போய் நின்றால் புது ஜாதி ஒன்றைக் காணலாம். தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கொம்பு வளைந்த மெல்லிய சைக்கிள். எடை குறையக் குறைய விலை ஏறும் வண்டி அது. டாக்டர்கள், வியாபாரிகள், பாங்கு உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் அதில் உண்டு. போட்டியுமில்லை, பரிசுமில்லை. ஆசைக்காக மிதிக்கிறார்கள்.

இவர்களுக்கென்று 'பிரெவே' என்ற நெடும் பயண முறை ஒன்று இருக்கிறது. பாரிஸ் நகரத்துச் சங்கம் ஒன்று வகுத்த விதிகளின்படி உலகமெங்கும் நடப்பது, தமிழ்நாட்டிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300-ஐ 20 மணிக்குள், 600-ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். முதலில் வந்தவன், கடைசியில் வந்தவன் என்ற பேதம் கிடையாது. உள்ளபடியே நாகரிகமான விளையாட்டு.

என் தமக்கையின் குமாரன் ஒருவன் இரண்டு தீட்சையும் ஒருங்கே பெற்றவன். ஒரு வருஷமாக அரிசியைத் தொடுவதில்லை. ஆறு மாதமாகச் சைக்கிளை விடுவதில்லை. இடுப்பு சுருங்கி விட்டது. முகத்தில் களை வந்திருக்கிறது. "மாமா, உடம்பிலே இருக்கிற கொழுப்பே எனக்குப் பெட்ரோல். நான் ஏன் சோறு சாப்பிட வேண்டும்?" என்று என்னைக் கேட்டான்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மனித தேகம் மாவுச் சத்தைத் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கு அதிகம் இராது. அதிலிருந்து கிடைப்பது சுமார் 2,000 கலோரி. சைக்கிளை நன்றாக மிதிப்பவனுக்கு இது சில மணி நேரச் செலவு. கொழுப்போ, ஒல்லியான ஆளிடத்தில் கூடப் பத்துக் கிலோ தேறும். அது 70,000 கலோரிக்கு மேல். வாசலில் கைச்செலவுக்குச் சில்லறையும், உள்ளே பெட்டகத்தில் பெரும் பணமும் இருப்பது போல. பெட்டகத்தைத் திறக்கப் பழகிக்கொண்டால் சில்லறை எதற்கு என்பது பையனின் வாதம்.

இந்த வாதத்தை விஞ்ஞானிகள் சைக்கிளின் மீதே ஏற்றிப் பரிசோதித்திருக்கிறார்கள். 1967-இல் சுவீடன் தேசத்தில் பெர்க்ஸ்டிரம் முதலானோர், ஓடாத சைக்கிளில் ஆட்களை ஏற்றி, களைத்து விழும் வரை மிதிக்கச் சொன்னார்கள். கலப்பு ஆகாரம் உண்டவர்கள் சுமார் 114 நிமிஷம் தாக்குப் பிடித்தார்கள். மூன்று நாள் கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபின் 57 நிமிஷம். மூன்று நாள் மாவுச் சத்தை நிறைய உண்டபின் 167 நிமிஷம். தீர்ந்தது வழக்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 1983-இல் ஸ்டீபன் பின்னி என்ற அமெரிக்க வைத்தியர், "மூன்று நாளில் தேகம் என்ன பழகும்?" என்று கேட்டு, நன்கு பயின்ற ஐந்து சைக்கிள் வீரர்களுக்கு நான்கு வாரம் மாவுச் சத்து அநேகமாக இல்லாத ஆகாரம் கொடுத்தார். முன்பு 147 நிமிஷம் மிதித்தவர்கள், பின்பு சராசரி 151 நிமிஷம் மிதித்தார்கள். அதாவது, பழகிக்கொண்டால் மிதமான வேகத்துக்குப் பழுதில்லை.

'மிதமான வேகம்' என்பதில்தான் சூட்சுமம். 2017-இல் ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் என்ற அம்மையார், உலகத் தரம் வாய்ந்த வேகநடைக்காரர்களைக் கொண்டு இதே விஷயத்தை ஆராய்ந்தார். கொழுப்புண்டவர்களின் தேகம் கொழுப்பை அபாரமாக எரித்தது. ஆனால் அதே வேகத்துக்கு அதிகப் பிராணவாயு தேவைப்பட்டது. பத்துக் கிலோமீட்டர்ப் பந்தயத்தில் மாவுச் சத்து உண்டவர்கள் முன்னேற, இவர்கள் முன்னேறவில்லை. மேடேறும்போதும், எதிர்காற்றிலும், வேகமாக மிதிக்கும்போதும் தசை கேட்பது சில்லறையைத்தான். கார்டெய்னே 2005-இல் ஜோ பிரீல் என்ற பயிற்சியாளரோடு சேர்ந்து விளையாட்டுக்காரர்களுக்கென எழுதிய புத்தகத்தில், நெடும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நடுவிலும் மாவுச் சத்தும் சர்க்கரையும் உண்ணலாம் என்று விலக்களித்து விட்டார். குருநாதரே இறங்கி வந்த பிறகு சிஷ்யர்கள் மரத்தின் மேலேயே இருப்பானேன்?

நம் பிரதேசத்துக்கு இன்னொரு விசேஷத் தொல்லை உண்டு. மாவுச் சத்தைக் குறைத்தால் இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ எடை இறங்கி விட்டதென்று குதிக்கிறார்களே, அதில் பெரும்பகுதி நீர்தான். அதன்மேல் சித்திரை வெயிலில் கரிசல் காட்டுச் சாலையில் நான்கு மணி நேரம் மிதித்தால், வியர்வையில் மிச்ச உப்பும் போய்விடும். எங்கள் பையன் சென்ற கோடையில் கோவில்பட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில், சாத்தூருக்கு இப்பால், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, கண் இருட்டிப் புளியமர நிழலில் உட்கார்ந்து விட்டான். அந்த வழியே வந்த ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் தம் தூக்குச் சட்டியிலிருந்து உப்புப் போட்ட நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் எழுந்து நின்றானாம். நீர், உப்பு, சிறிது மாவுச் சத்து - புட்டியில் அடைத்து விற்கும் விளையாட்டுப் பானங்களில் இருப்பதும் இந்த மூன்றே. விரதம் பங்கமாயிற்றா என்று நான் கேட்கவில்லை.

அவனைப் பற்றி எனக்குக் கவலை அதிகமில்லை. வாலிபன், தடுக்கி விழுந்தாலும் எழுந்திருப்பான். கவலையெல்லாம் அவனுடைய தகப்பனாரைப் பற்றி. ஐம்பத்தெட்டு வயது, பன்னிரண்டு வருஷமாக நீரிழிவு, மாத்திரை சாப்பிடுகிறவர். மகன் இளைத்ததைப் பார்த்து, ஒரு திங்கட்கிழமை யாரையும் கேளாமல் அவரும் சோற்றை நிறுத்தினார். மாத்திரையை மாத்திரம் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் கணக்கெழுதிக் கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறிவிட்டது. பக்கத்திலிருந்தவர் விவரந்தெரிந்தவராக இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்.

இதைச் சற்றே விவரமாகச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கான சில மாத்திரைகளும், இன்சுலின் ஊசியும், நாம் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றைக் கணக்கில் வைத்து அளவிடப்பட்டவை. சோறு நின்று மருந்து நிற்காவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து போகும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளில் வேறோர் ஆபத்து: மாவுச் சத்தை அடியோடு விட்டால் இரத்தம் அமிலமாகிவிடக்கூடும், அப்போது சர்க்கரை அளவு அதிகமில்லாததுபோல் காட்டி ஏமாற்றும். மறுகோடியில், மருந்தைத் தாமாகவே குப்பையில் எறிகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகாரத்தை மாற்றுமுன் வைத்தியரிடம் போய் மருந்தின் அளவை மாற்றிக்கொள்வது கௌரவக் குறைச்சலன்று. எங்கள் வீட்டுப் பெரியவர் இப்போது அவ்விதமே செய்து, இரவுச் சோற்றை மட்டும் விட்டு, மகனுடைய பழைய சைக்கிளில் தினம் காலையில் எட்டுக் கிலோமீட்டர் போய் வருகிறார். மாத்திரையில் ஒன்று குறைந்திருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் நியாய விலைக் கடை அரிசி இலவசம். பாதாமுக்கு அத்தகைய கடை எதுவுமில்லை. பட்டாசுத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்மணியிடம் போய், "அம்மா, தானியம் விஷம்" என்று உபதேசிப்பவருக்கு இருக்கும் துணிச்சல் எனக்கில்லை. அவளுடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கிடைக்கும் முட்டையை நான் தினமும் பார்க்கிறேன். அதன் மதிப்பும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் சோற்றைப் பாதியாக்குவதைக் காட்டிலும், பக்கத்தில் இன்னொரு முட்டையும், ஒரு கைப்பிடி கடலையும், வேலியோரத்து முருங்கைக்கீரையும் வருவதே முதல் காரியம். பாதியாக்க வேண்டிய சோறு நம் போன்றவர்களின் இலையில் இருக்கிறது.

பையன் வருகிற மார்கழியில் 200 கிலோமீட்டர்ப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். சாதாரண நாளில் அவனுடைய கற்கால விரதம் தொடர்கிறது. பயணத்தன்று மட்டும் தளர்த்திக்கொள்ளச் சம்மதித்து விட்டான். மார்கழி பனங்கிழங்குப் பருவம். உப்புப் போட்டு அவித்த கிழங்கு ஆறு, வேகவைத்த முட்டை நான்கு, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு பொட்டலம், உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் இரண்டு புட்டி - இதுதான் ஜாபிதா. தோண்டி எடுத்த கிழங்கு கற்கால மனிதனுக்கும் சம்மதமாகவே இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்கிறான். கடலை மிட்டாய்க்கு என்ன சமாதானம் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.