சபை மரியாதை

கோடைக்காலத்தில் தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களின் முன்னே, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக, அநேக ஊர்களில் 18 நாட்கள் வரை நீளுகின்ற மகாபாரத விழாவில், ஆட்டக்களத்தை ஒட்டிய முதல் வரிசை, பாயோடும் போர்வையோடும் பொழுது சாய்வதற்குள்ளேயே வந்து இடம் பிடித்துவிடும் சிறுவர் சிறுமியருக்கே உரியது. அரங்கத்தில் குழந்தைகளை ஒழுங்காக உட்கார வைப்பது எங்ஙனம் என்று நகரத்துப் பெற்றோர் விசாரப்படும்போதெல்லாம், இந்த முதல் வரிசையை அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றுகிறது.

வாய்பொத்தி இருப்பது ஒன்றே மரியாதை என்று அங்கே யாரும் போதிப்பதில்லை. கூத்தின் விதூஷகனாகிய கட்டியங்காரன் கூட்டத்தை வம்புக்கு இழுக்கையில் வாய்விட்டுச் சிரிப்பதும், துணிந்து பதில் சொல்லுவதும் அவனுக்குச் செய்யும் உபசாரமே. ஆயினும் அதே பிள்ளை, அர்ச்சுனன் தபசன்று வேஷதாரி பாடிக்கொண்டே உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாக ஏற, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அவன் எறியும் பழத்துக்கும் பூவுக்குமாகக் கீழே முந்தானையை ஏந்தி நிற்க, அருகிலிருக்கும் பாட்டி கைகூப்புவதைக் கண்டு, எவருடைய அதட்டலுமின்றித் தானும் அடங்கிவிடுகிறது. பின்னிரவில் கண்ணயர்ந்துவிட்டால் அதுவும் குற்றமில்லை, பெரியவர்களே உறங்குகிறார்கள்.

இதற்கு மாறாக, மார்கழிக் கச்சேரியில் மிருதங்க வித்துவான் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்த மாத்திரத்தில் சிற்றுண்டிச்சாலையை நோக்கி எழுந்து நடக்கும் தகப்பனாரின் கையைப் பிடித்துச் செல்லும் குழந்தை எந்தச் சம்பிரதாயத்தைக் கற்றுக்கொள்ளும்? செல்பேசியை உயர்த்திப் பிடித்துப் பின்னால் இருப்பவரின் பார்வையை மறைப்பவர்களும், நான் கண்டவரை, பெரும்பாலும் வயது வந்தவர்களே. பிள்ளைகளைக் கண்டிக்கும் அதிகாரம் நமக்கு எப்படி வந்தது என்றுதான் விளங்கவில்லை.

போதனையைவிடப் பரிச்சயமே பயன் தரும். கூத்துக்குப் போகுமுன் அன்றைய கதையைச் சொல்லிவையுங்கள். கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, அரிதாரம் பூசும் இடத்துக்குக் குழந்தையைச் சற்றே அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு, இரவு முழுவதும் ஆடியும் பாடியும் வசனம் பேசியும் களைக்கப்போகும் ஒரு மனிதரை இரண்டடி தூரத்தில் கண்ட பிள்ளை, அவர் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்போது களத்தின் குறுக்கே ஓடாது. முகவீணைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவிட்டால் இன்னும் உத்தமம்.

வருகிற கோடையில் உங்கள் ஊருக்கு அருகே பாரதக் கூத்து நடந்தால், குழந்தைகளோடு போய்த் தரையில் உட்காருங்கள். செல்பேசியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.